அறுபத்தொன்றும் உள்ளே போகும் வரை

"எழுபத்தொண்ணுங்க! எழுபத்தொண்ணு!"

காலை ஐந்தே முக்காலுக்கு ஹாலிலிருந்து வந்த கூச்சலில் லைட்காரர் போர்வையோடு எழுந்து ஓடினார். நாடக அரங்கத்தில் விளக்கு போடுவது அவர் வேலை. ஊர் அடங்கியபிறகு வீடு திரும்புகிறவருக்கு ஐந்தே முக்கால் என்பது நடுச்சாமம்தான். ஆனால் மனைவியின் குரலில் அப்படி ஒரு துள்ளல் இருந்தது. வந்து பார்த்தால், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டோடு அவள் மீன் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். கையில் டக் டக்கென்று அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி.

"கத்தாதீங்க, அதுங்க பயந்துடும்," என்றாள்.

கத்தியது யார் என்று கேட்கிற துணிச்சல் இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்கு வந்ததில்லை. சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொட்டியின் தரையில் ஒரு சின்ன மண் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஓர் உடைசல். அந்த உடைசல் வழியாக மீன் குஞ்சுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கண் வைத்த எள் மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு கண், பின்னால் ஒரு வால், நடுவில் உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நேற்று வரைக்கும் சட்டிக்குள் குவியலாகக் கிடந்து நெளிந்தவை, இன்று காலையில் ஒரே முடிவாக எழுந்து நீந்த ஆரம்பித்துவிட்டன. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாம் ஒன்றாகப் போயின. லைட்காரருக்கு வாயெல்லாம் பல்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேலையே எண்ணுவதுதான். கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் ரத்தத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் அணுக்களை எண்ண வேண்டும். அந்தப் பழக்கத்தில் தொட்டியின் கண்ணாடியிலும் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு வைத்திருந்தாள். மூன்று தடவை எண்ணி, மூன்றும் ஒத்துப்போனால்தான் அவளுக்கு அது எண்ணிக்கை. ஆகவே எழுபத்தொன்று என்றால் எழுபத்தொன்று. மேல்முறையீடு கிடையாது.

"இதுல எத்தனைய மிச்சம் வைக்கப் போறாளோ இந்த ராட்சசி," என்றாள் எழுந்துகொண்டே. துள்ளல் போன இடம் தெரியவில்லை.

ராட்சசி என்றது தாய் மீனை. சிக்லிட் ஜாதியில் குகைக்குள் முட்டையிடுகிற வகை. சுண்டுவிரல் நீளம் இருந்தால் அதிகம். முட்டையிடும் காலத்தில் வயிறு மட்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். வாங்கி வந்த புதிதில் அவள் பெயர் மகாராணி. முதல் ஈட்டில் நாற்பத்தாறு குஞ்சு பொரித்தாள். தினம் காலையில் எண்ண எண்ண நாலும் ஐந்துமாகக் குறைந்து, பத்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது ஈட்டில் ஐம்பத்து மூன்று. அதுவும் பத்து நாள்தான். பெற்றவளே தின்கிறாள் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. இந்தச் சாதி மீன்கள் சில சமயம் அப்படிச் செய்யும் என்று மீன் கடைக்காரரும் சொன்னார். மகாராணி அன்றைக்கே ராட்சசி ஆனாள்.

முதல் ஈடு போன அன்று மனைவி தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதது லைட்காரருக்கு மறக்காது. மீனுக்காக அழுகிறோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே அழுதாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று அவரும் தன் பங்குக்கு, "பெத்தவளே திங்கறா, நாம என்ன பண்ண முடியும்? இவளெல்லாம் ஒரு தாயா?" என்று அந்தச் சுண்டுவிரல் நீளத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தார்.

தொட்டியில் இன்னும் இரண்டு பேர் உண்டு. தகப்பன் மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். துடுப்பை விரித்துக்கொண்டு விறைப்பாகச் சுற்றி வருவதோடு சரி. வேலையெல்லாம் பெண்டாட்டி தலையில். இன்னொருவர் மீசை. பெரிய கெளுத்தி. வெளிச்சம் இருக்கும் வரை மரக்கட்டைக்குப் பின்னால் படுத்துக் கிடப்பார். அவர் மூஞ்சியைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவரைப் பிடித்து வெளியேற்ற வேண்டுமானால் தொட்டியையே கலைக்க வேண்டும் என்பதால் யாரும் தொந்தரவு செய்யவில்லை.

மூன்றாவது ஈட்டுக்கு முட்டை தெரிந்த அன்றே மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். கடைக்கு ஒரு மீன் தொட்டி வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "தொட்டி வாங்கித் தண்ணி நெரப்பு. புதுத் தண்ணி பதப்பட மூணு வாரம் ஆகும். மூணாவது ஞாயித்துக்கிழமை வந்து இந்த ராட்சசிய எடுத்துட்டுப் போயிடு. அதுவரைக்கும் எத்தனை பொழைக்குதோ பொழைக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை அறுபத்தாறு. புதன்கிழமை அறுபத்தொன்று.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா," என்றாள் மனைவி. தொட்டியைக் குனிந்து பார்த்து, "ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டாள். ராட்சசி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று செவுளை விரித்துக் காட்டினாள். "திமிரைப் பாருங்க!"

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு லைட்காரர் வேலைக்குக் கிளம்பினார். கதவை ஒட்டி வரிசையாக ஐந்து சுவிட்ச். உள்ளங்கையால் ஒரே தடவு தடவி அத்தனையையும் அணைப்பது அவர் வழக்கம். ஐந்தாவது சுவிட்ச் தொட்டி விளக்கினுடையது. தொட்டி வாங்கிய அன்று, "கிளம்பறப்போ அதையும் அணைச்சுடுங்க, அதுங்களும் தூங்கணும்ல," என்று மனைவி சொல்லியிருந்தாள். ஹாலின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. விளக்கு போனால் பட்டப்பகலிலும் கும்மிருட்டுதான்.

தடவினார். இருட்டு விழுந்தது. செருப்பை மாட்டும்போது போன் மினுங்கியது. டைரக்டர்தான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்பதால் அவருக்கு அரங்கத்தில் பட்டாசு என்று பெயர். ராஜா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், இன்றைக்கு நாடகம் இல்லையாம். அடித்தது யோகம் என்று லைட்காரர் திரும்பினார். கையிலிருந்த போனின் வெளிச்சம் தொட்டி மேல் விழுந்தது.

அங்கே ஒரு களேபரம் நடந்துகொண்டிருந்தது.

குஞ்சுகள் தொட்டி முழுக்கச் சிதறிக் கிடந்தன. எது எங்கே இருந்ததோ அங்கேயே திகைத்து நின்றுவிட்டது. ராட்சசி பைத்தியம் பிடித்தவள் மாதிரி அங்கும் இங்கும் பாய்ந்தாள். ஒரு குஞ்சை வாயில் கவ்வினாள். லைட்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை விழுங்கவில்லை. நேராகச் சட்டிக்குப் போய் உடைசல் வழியாக உள்ளே துப்பினாள். திரும்பி ஓடினாள். கண் தெரியாமல் கண்ணாடியில் முட்டினாள். இன்னொன்றைக் கவ்வினாள், துப்பினாள், ஓடினாள். மாப்பிள்ளை ஒரு மூலையில் செய்வதறியாமல் விறைத்து நின்றார். அப்போது மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து மீசை சாவகாசமாக வெளியே வந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் வருகிறவர் மாதிரி வந்து, தரையைத் தடவிக்கொண்டே போய், ஒரு குஞ்சின் பக்கத்தில் வாயைத் திறந்தார். ராட்சசி தன்னைப் போல நாலு மடங்கு பெரிய அந்த உருவத்தின் மூஞ்சியில் போய் மோதினாள். மீசை பின்வாங்கினார். குஞ்சு தப்பித்தது.

லைட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் அரங்கத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையிலிருந்து கடைசி ஆள் திரைக்குப் பின்னால் போகும் வரைக்கும் இருட்டு கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவசரப்பட்டு அணைத்ததில், ராஜா வழி தெரியாமல் நடந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் மடியில் கிரீடத்தோடு விழுந்தார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் லைட்காரரை ஒருவரும் குறை சொன்னதில்லை. புதிதாக வருகிற நடிகர்களிடம் அவரே மார்தட்டிக்கொள்வார்: "நீங்க உள்ள போறவரைக்கும் வெளிச்சம் என் பொறுப்பு."

அந்த மனுஷன்தான் தினமும் ஐந்தரைக்கு ஓர் ஏழைத் தாயின் தலையில் ஒரே தடவலில் இருட்டைக் கொட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார். முதல் ஈட்டுக்கு ஒரு பத்து நாள், அடுத்ததற்கு ஒரு பத்து நாள். போதாக்குறைக்கு அவளையே ஏசியும் இருக்கிறார். அவருக்கு அழுகையாக வந்தது.

ஓடிப்போய் விளக்கைப் போட்டார். மீசை சட்டென்று கட்டைக்குப் பின்னால் மறைந்தார். பிறகு லைட்காரர் பீரோவைத் திறந்து இருக்கிற துண்டையெல்லாம் எடுத்து வந்தார். விளக்கின் மேல் ஒரு மெல்லிய துண்டு. ஐந்து நிமிஷம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஒரு கனத்த துண்டு. வெளிச்சம் மங்க மங்க, ராட்சசி சட்டி வாசலில் போய் நின்றாள். சிவந்த வயிற்றைக் காட்டி, துடுப்பைப் படபடவென்று அடித்தாள். என்ன ஆச்சரியம்! பள்ளிக்கூட மணி கேட்ட மாதிரி குஞ்சுகள் நாலா பக்கத்திலிருந்தும் வரிசை கட்டி வந்து சட்டிக்குள் நுழைந்தன. வழி தப்பிய இரண்டை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு போய் விட்டாள். கடைசியாக அவளும் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டாள். ஐந்தாவது துண்டைப் போட்டு முடித்தபோது லைட்காரர் கையைத் தட்டியேவிட்டார்.

மனைவி ஏழு மணிக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தார். வாயைத் திறக்கவும் செய்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே, "லேப்ல எல்லாரும் கேக்கறாங்க. ராட்சசி கதைன்னா அவ்வளவு இஷ்டம். உங்க ஏச்சைக்கூட அப்படியே சொல்லிக் காட்டினேன்," என்று சிரித்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். காலையில் சொல்லலாம்.

காலையில் வீடே இரண்டு பட்டது. "அறுபத்தொண்ணு! குறையலைங்க! ஒண்ணுகூடக் குறையல!" அவரை உலுக்கி எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி ஆடினாள். "நேத்து நல்லா நாலு வார்த்தை கேட்டேன் இல்ல, உறைச்சிருக்கு அவளுக்கு. திருந்திட்டா!"

திருந்த வேண்டியவர் போர்வையோடு ஆடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அன்றைக்கே அரங்கத்தின் சாமான் அறையிலிருந்து, கைப்பிடியை ஏற்றி இறக்கி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய டிம்மர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். தொட்டியின் வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு மஞ்சள் பல்புகளை மாட்டினார். "செடிக்கு நல்லது," என்று மனைவியிடம் சொன்னார். செடி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷத்தில் விட்டுவிட்டாள்.

சூரியாஸ்தமனம் என்றால் சும்மாவா? அவர் கை வைத்தால் அது கலையாக இருக்க வேண்டும். மேடையில் சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில்தான் வரும் என்று ஒரு பல்பை இறக்கித் தொட்டியின் பக்கத்தில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் தொட்டியிலிருந்த அத்தனை மீனும் சாய்ந்து போயின. முதுகு எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் இருக்க வேண்டும் என்பது மீனுக்குப் பிறவிப் பழக்கம். மேலே இருந்த வெளிச்சம் பக்கத்துக்கு வந்ததும், பேருந்து வளைவில் திரும்பும்போது நிற்கிற பயணிகள் மாதிரி, ராட்சசியும் மாப்பிள்ளையும் அறுபத்தொரு பொடிசுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு நீந்தினார்கள். லைட்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பல்பை மேலேயே மாட்டினார். மறுநாள் சிவப்புத் தாள் ஒட்டிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு வெறி வந்து தன் நிழலோடு சண்டைக்குப் போனார். லைட்காரர் தாளைக் கிழித்துப் போட்டார். கடைசியில் சாதா மஞ்சள், மேலிருந்து, நாற்பது நிமிஷம். அவ்வளவுதான் ராட்சசிக்குத் தேவைப்பட்டது.

தினம் நாலே முக்காலுக்கு அவர் கைப்பிடியைப் பிடித்து உட்காருவார். அவள் வாசலில் நின்று துடுப்படித்தால் கைப்பிடியை ஒரு கோடு இறக்குவார். யாராவது தங்கிவிட்டால் அவள் தேடிப் போவாள். அவள் திரும்பும் வரை கையை அசைக்க மாட்டார். பட்டாசிடம்கூட இத்தனை பணிவாக அவர் உத்தரவு வாங்கியதில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரில் காற்றுக் குழாய் விட்டு, பழுப்புப் பொடி மாதிரி இருக்கிற இறால் முட்டையைப் போட்டு, ஒரே நாளில் பொரிய வைத்து, அந்த இறால் குஞ்சுகளை மனைவி சொட்டுக் குழாயில் எடுத்துத் தொட்டிக்குள் விடுவாள். அறுபத்தொரு பேரும் பாய்ந்து தின்பார்கள். இரண்டு நிமிஷத்தில் அறுபத்தொரு ஆரஞ்சு வயிறு. "தொப்பையைப் பாருங்க, தொப்பையைப் பாருங்க," என்று அவள் கூவுவாள். பத்தாம் நாள் தாண்டியது. அறுபத்தொன்று. பதினோராம் நாள். அறுபத்தொன்று. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லேப்பில் முறை. சாயங்கால ரகசியம் தப்பித்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. லைட்காரரோ ஒவ்வொரு காலையும் அவளோடு சேர்ந்து ஆடுவார், ஆடி முடித்ததும் நெஞ்சில் ஒரு முள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடை மச்சான் வந்து சேர்ந்தான். கண்ணுக்குக் கண் இடைவெளி அளக்கிற சின்ன அளவுகோலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து ராட்சசியை அளந்தான்.

"ரெண்டு இன்ச் வருவா போல மாமா. தண்ணி பதமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறேன். கடைக்கு வர்றவங்க பாக்கணும்னு ஒரு போர்டுகூட எழுதி வச்சுட்டேன்."

"என்ன போர்டு?"

"'தன் குஞ்சைத் தானே தின்னும் அதிசய மீன்.' எப்படி?"

லைட்காரர் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். "அவதான் திருந்திட்டாளே மச்சான். இங்கேயே இருக்கட்டுமே."

"அக்கா கேக்க மாட்டேங்குது மாமா. ரெண்டு தடவை பட்டாச்சாம். இப்ப நடிக்கிறாளோ என்னமோன்னு பயமா இருக்காம். அறுபத்தொண்ணையும் கண்ணால பார்த்தப்புறம் இழக்க முடியாதுன்னு சொல்லி போன்ல அழுவுது."

அவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு ஆட்டமும் பயத்தோடு ஆடிய ஆட்டம். தாய் போய்விட்டால் குஞ்சுகளைச் சாயங்காலம் யார் கூப்பிடுவது? மாப்பிள்ளையா? செய்யாத குற்றத்துக்கு ராட்சசி ஒரு கடையில் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள். செய்தவர் இங்கே காலையில் நடனம் ஆடிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை புது நாடகம். ஆறு மணிக்கு முதல் காட்சி. விளக்கெல்லாம் காலையிலேயே சரிபார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி லைட்காரர் வீட்டுக்கு ஓடி வந்திருந்தார். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் நாலு மணிக்கே கைப்பிடியில் கை வைத்தார். குஞ்சுகளுக்கு அது விளையாட்டு நேரம். ராட்சசி படபடவென்று துடுப்படித்துப் பார்த்தாள், ஒன்றும் மதிக்கவில்லை. சேர்ந்தாற்போல நாலு உள்ளே போனால் மூன்று வெளியே வந்தது. லைட்காரர் மனைவியின் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு உள்ளே போவதற்கு ஒரு டக், வெளியே வந்தால் மனசுக்குள் ஒரு கழித்தல் என்று திணறினார். ஐந்து மணிக்கு அறுபது. ஒன்று பாக்கி. அவர் வாலு என்று பெயர் வைத்திருந்த பயல். தினமும் கடைசியாக வருகிறவன். இன்று ஆளையே காணோம்.

போன் அடித்தது. "எங்கேய்யா இருக்க?" என்று பட்டாசு வெடித்தார்.

"இன்னும் ஒருத்தர் உள்ள போகல சார். போனதும் கிளம்பிடறேன்."

"எவன்யா? எங்கேய்யா?"

லைட்காரர் போனை வைத்துவிட்டார். அதே நேரம் கதவு திறந்தது. முதல் காட்சி பார்ப்பதற்காக மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள்.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா? எதுக்கு அரை இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"உஷ். அறுபது போயாச்சு. ஒண்ணு பாக்கி."

"எங்க போயாச்சு?"

ராட்சசி சட்டியிலிருந்து புறப்பட்டுத் தொட்டியை மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். கட்டைக்குப் பின்னால் ஒரு மீசை நுனி அசைந்தது. லைட்காரருக்கு இனித் தாங்கவில்லை.

"அவ தின்னல," என்றார். "ஒண்ணைக்கூட அவ தின்னல. எல்லாம் நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க தின்னீங்களா?"

"நான் எதுக்குத் திங்கறேன்? நான் லைட்டை அணைச்சேன். டப்புனு. இதுங்கள உள்ள கூட்டிட்டுப் போக அவளுக்கு அரை மணி நேரம் வேணும். நான் அரை நொடிகூடக் குடுக்கல. இருட்டுல மீசை வந்து வாரிட்டுப் போயிருக்கான். அவ ஒத்தையா முட்டி மோதிக்கிட்டு... நான் பார்த்தேம்மா. பத்து நாளா உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். எண்ணுகிறவள் அல்லவா, முதலில் எண்ணினாள். "நாப்பத்தாறு. அப்புறம் ஐம்பத்து மூணு. இந்தத் தடவை பத்து. நூத்தி ஒம்பது." உதடு துடித்தது. லைட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தார்.

அவள் கதவுப் பக்கம் அந்த ஐந்தாவது சுவிட்சைப் பார்த்தாள். "அணைக்கச் சொன்னதே நான்தானே."

"நீ அணைக்கத்தான் சொன்ன. இப்படி அணைக்கச் சொல்லல. இது எனக்குத் தெரிஞ்ச தொழில்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியோடு முகத்தை ஒட்டினாள். "தெரியாமப் பேசிட்டேன்டி. மன்னிச்சுக்க," என்றாள். ராட்சசி மன்னிக்கிற நிலைமையில் இல்லை. பாய்ந்து வந்து கண்ணாடியில் டொக்கென்று ஒரு முட்டு முட்டினாள். மனைவியின் மூக்கு அந்த இடத்தில்தான் ஒட்டியிருந்தது. துள்ளிப் பின்னால் சாய்ந்தவள், அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். லைட்காரருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பத்து நாள் முள் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

"எந்திரிங்க. அந்தப் பிடிய என்கிட்ட குடுங்க. அங்க ஒரு அரங்கமே உங்களுக்காக நிக்குது."

"அவ சொன்னாத்தான் இறக்கணும். வாலு வராம..."

"எனக்கு எண்ணத் தெரியும். ஓடுங்க!"

"நாடகம்?"

"என் நாடகம் இங்க நடக்குது. ஓடுங்கன்னா!"

அவர் ஓடினார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஐந்தே முக்காலுக்கு லைட் அறைக்குள் நுழைந்தபோது பட்டாசு சிவந்து போய் நின்றார். திட்டுவதற்கு நேரமில்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மணி. நாடகத்தின் முதல் காட்சியே ராஜாவின் மரணம். மேடை நடுவில் ராஜா செத்துக் கிடக்கிறார். சுற்றிலும் இருட்டு. அவர் முகத்தில் மட்டும் ஒரு துளி வெளிச்சம். பத்து நிமிஷம் அந்தத் துளி வெளிச்சத்தில் ராணி அழ வேண்டும். லைட்காரர் ஒரு கையைக் கைப்பிடியில் வைத்திருந்தார். பக்கத்தில் போன் சத்தமில்லாமல் கிடந்தது. ஆறு மணி ஐந்துக்கு அது மினுங்கியது.

'வாலு பம்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தான். வாயில தூக்கிட்டுப் போய்ப் போட்டா. 61. தம்பிகிட்ட சொல்லியாச்சு, நாளைக்கு வர வேண்டாம். இனிமே அவ பேரு மகாராணி.'

எப்படி நடந்தது என்று பிற்பாடு கேட்டால் லைட்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. அறுபத்தொண்ணு என்று மனசு துள்ளியது, கூடவே கையும் துள்ளிவிட்டது. கைப்பிடி உச்சிக்குப் போனது. மேடையில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு மரண வீட்டில் உச்சி வெயில் அடித்தது. அழுதுகொண்டிருந்த ராணி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள். செத்துப்போன ராஜா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, காட்சி முடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்து உட்கார்ந்தே விட்டார். சபையில் யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

பட்டாசு லைட் அறைக்குள் பாய்ந்து வந்தார். "என்னய்யா பண்ற? என்னய்யா ஆச்சு உனக்கு?"

"கடைசி ஆளும் உள்ள போயாச்சு சார்!" என்றார் லைட்காரர். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டாசின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "அறுபத்தொண்ணும்!"

பட்டாசு வாழ்க்கையில் முதல்முறையாக நமுத்துப் போனார். மேடையைக் காட்டி, "அணை, அதை அணை, சீக்கிரம் அணைய்யா!" என்று மட்டும் கெஞ்சினார்.

லைட்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். ராஜா இன்னும் மேடை நடுவில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். லைட்காரர் அவசரப்படவில்லை. ஒரு கோடு இறக்கினார். ராஜாவுக்குப் புரிந்தது. மெல்லச் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, கிரீடத்தைச் சரிசெய்து, தலையைத் தலையணையில் வைத்து, இரண்டு கையையும் மார்பில் கோத்துக்கொண்டார். கடைசியாக இரண்டு கண்ணையும் மூடினார். அது வரைக்கும் பொறுத்திருந்து, அதற்கப்புறம்தான் லைட்காரர் இருட்டைப் போட்டார்.